சங்கிலி அறுந்த பிறகு

‘உயிர் காப்பான் தோழன்’ என்பது நாம் அறிந்த பழமொழி. ஆனால் உயிரைக் காப்பவரெல்லாம் தோழராகிவிடுவாரா? இக்கேள்வியை எழுப்பும் ஆங்கிலத் திரைப்படம் ஒன்று உண்டு. போலீசாரிடமிருந்து தப்பியோடும் இருவரின் கதையைக் கூறும் அப்படத்தின் பெயர் ‘தி டிஃபையண்ட் ஒன்ஸ்’. ஸ்டான்லி கிராமர் இயக்கிய இப்படம் 1958-இல் வெளிவந்தது.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் பள்ளிகள் வேறு வேறு. இவ்வாறு பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளிக்குள் நுழைய இராணுவமே துணை நிற்க வேண்டியிருந்தது. அவர்களுள் அறுவர் நம்மைப் போன்ற மாணவியர்! அதற்கு மறு ஆண்டு வந்த படம் இது.

ஒரு மழை இரவில் கைதிகளை ஏற்றி வந்த வண்டி கவிழ்கிறது. கல்லன் என்ற கறுப்பரும் ஜாக்சன் என்ற வெள்ளையரும் தப்பி ஓடுகின்றனர். இருவர் கைகளும் ஒரே சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளன. கல்லனாக சிட்னி போய்ட்டியரும் ஜாக்சனாக டோனி கர்ட்டிஸும் நடித்துள்ளனர். ஒருவரையொருவர் வெறுக்கும் இவ்விருவரும் ஐந்து மைல் போவதற்குள் தாங்களே அடித்துக்கொண்டு மாண்டுவிடுவார்கள் என்று அதிகாரிகள் எண்ணுகின்றனர்.

ஆனால் அப்படி நடக்கவில்லை. ஆற்று வெள்ளம் ஜாக்சனை அடித்துச் செல்லும்போது கல்லன் அவனை இழுத்துக் கரை சேர்க்கிறான். ஜாக்சன் நன்றி கூறுகிறான். கல்லனோ, உன்னை நான் காப்பாற்றவில்லை, நீ என்னை உள்ளே இழுத்துவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்ற பொருளில் பதில் சொல்கிறான். உயிர் காத்தாயிற்று, தோழமை இன்னும் பிறக்கவில்லை.

பின்னர் ஒரு வீட்டில் சங்கிலியை உடைத்து எறிகின்றனர். இனி அவரவர் வழி அவரவருக்கு. அந்த வீட்டுப் பெண் ஜாக்சனுடன் புறப்பட எண்ணுகிறாள். கல்லனுக்கோ சதுப்பு நிலத்தின் வழியாகப் போகுமாறு வழி சொல்லி அனுப்புகிறாள். அவ்வழியில் சென்றவர் மீள முடியாது என்று அறிந்ததும், ஜாக்சன் அவளை விட்டு நண்பனைத் தேடி ஓடுகிறான். அப்போது அவள் மகன் சுட்ட குண்டு அவன் தோளில் பாய்கிறது.

இறுதியில் இருவரும் ஓடும் ரயிலைப் பிடிக்க முயல்கின்றனர். கல்லன் ஏறிவிட்டான், கை நீட்டுகிறான். காயமுற்ற ஜாக்சனால் ஏற முடியவில்லை. பற்றிய கையைக் கல்லன் விடவில்லை. இருவருமே கீழே விழுகின்றனர். ரயில் போய்விடுகிறது. ஷெரீப் வந்து சேரும்போது, கல்லன் நண்பனை அணைத்தபடி உரக்கப் பாடிக்கொண்டிருக்கிறான். இப்போது அவர்களைப் பிணைக்க இரும்புச் சங்கிலி இல்லை.

இம்முடிவைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். ஆனால் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1976-இல் வெளியிட்ட நூலொன்றில் வேறொரு செய்தியைக் கூறுகிறார். கறுப்பின மக்கள் இக்காட்சியைப் பார்த்தபோது, ரயிலுக்கே திரும்பிப் போகும்படி கல்லனை நோக்கிக் கூச்சலிட்டார்களாம். எப்போதும் இழப்பவர் நாமேதானா என்பது அவர்களுடைய வேதனை. அதுவும் நியாயமே அல்லவா?

இப்படத்தின் மூலம், சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் என்ற பெருமையைப் போய்ட்டியர் பெற்றார். 1964-இல் அவ்விருதையே வென்றார். அதைப் பெற்றுத் தந்த ‘லிலீஸ் ஆஃப் தி ஃபீல்ட்’ படத்தில், பாலைவனத்தில் கன்னியர்க்குச் சிற்றாலயம் கட்டித் தரும் தொழிலாளியாக அவர் நடித்தார்.

தோழியரே! வகுப்பும் பெஞ்சும் விடுதியும் இன்று நம்மைப் பிணைத்திருக்கின்றன. பள்ளி இறுதி நாளில் இச்சங்கிலி அறுந்துவிடும். அதற்குப் பின்னும் கை நீட்டுபவளே தோழி. ஆனால் நம்முள் ஒருத்தியே என்றும் விட்டுக்கொடுக்கிறாளா என்பதையும் எண்ணிப் பார்ப்போம். கல்லன் ரயிலை விட்டான். அதற்கு முன் ஜாக்சன் தன் விடுதலையை விட்டு வந்தான். இருவரும் இழக்கத் துணிந்ததால்தான் அது நட்பாயிற்று.