பாலியெஸ்டர் இழை

பாலியெஸ்டர் என்பது பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து செய்யப்படும் செயற்கை இழை. எத்திலீன் கிளைக்கால், டெரிப்தாலிக் அமிலம் ஆகியவற்றை வினைபுரியச் செய்து, கிடைக்கும் பலபடியை உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாக இழுப்பர். தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பெட் நெகிழியும் இதே பொருள்தான்.

வரலாறு

1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் ஆகிய வேதியியலாளர்கள் இதை உருவாக்கினர். அங்கு டெரிலீன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பருத்தியுடன் கலந்து நெய்த துணியை நம் ஊர்களில் டெரிகாட்டன் என்றனர்.

பண்புகள்

இதன் நிறை, குறை இரண்டுக்கும் முதன்மைக் காரணம் நீரை ஏற்காமையே. 100 கிராம் பருத்தி காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட ஏற்பதில்லை. அதனால் துவைத்தால் சுருங்காது, விரைவில் உலரும். ஆனால் வியர்வையையும் உறிஞ்சாது. எண்ணெய்க் கறையை எளிதில் விடாது.

இது வெப்பத்தில் இளகும் இழை. சூடேற்றி அழுத்திய மடிப்பு பல சலவைக்குப் பின்னும் நிற்பது இதனால்தான். சுமார் 260 பாகை செல்சியசில் உருகிவிடும்.

பயன்பாடு

பள்ளிச் சீருடைத் துணிகளில் 67 விழுக்காடு பாலியெஸ்டர், 33 விழுக்காடு பருத்தி என்ற கலவை பரவலானது. கீழ்வேளூர் போன்ற காவிரிக் கடைமடை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காய்வதே பெரும்பாடு. ஒன்றிரண்டு சீருடை மட்டுமே உள்ள பிள்ளைக்கு, இரவில் துவைத்தது காலையில் உடுத்த உலர்ந்திருப்பது பேருதவி. சித்திரை வெயிலிலோ முழுப் பாலியெஸ்டர் ஆடை புழுக்கத்தைக் கூட்டும். வேர்க்குரு உள்ளவர்களுக்குப் பருத்தியே ஏற்றது.

பாதுகாப்பு

தீப்பட்டால் இவ்விழை உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழ்ந்த புண்ணை உண்டாக்கும். கலவைத் துணியும் பாதுகாப்பானதன்று. அதிலுள்ள பருத்தி எரிந்து தீயைப் பரப்பும். அடுப்படியிலும் தீபாவளி வெடியின்போதும் தொங்கலில்லாத பருத்தி ஆடையே நல்லது. தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனங்காணல்

துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, கரும்புகை விட்டு, ஆறியதும் கெட்டியான மணியாகும். பெரியவர்கள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

சுற்றுச்சூழல்

பாலியெஸ்டர் மண்ணில் எளிதில் மட்காது. துவைக்கும்போது நுண்ணிழைகள் நீரில் கலக்கின்றன. பழைய பெட் பாட்டில்களை உருக்கி மீண்டும் இழையாக்கும் தொழில் கரூர், திருப்பூர் பகுதிகளில் நடைபெறுகிறது.