படத்தைத் தொடாமலே திருத்தலாம்

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

டிஜிட்டல் படம் என்பது எண்களின் அடுக்கு. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை 0 முதல் 255 வரையுள்ள எண்கள் குறிக்கின்றன. 0 என்றால் இருள். 255 உச்ச ஒளி. வெண்மேகம் ஒன்றில் அடுத்தடுத்த மூன்று புள்ளிகளின் ஒளி 200, 230, 250 என்று கொள்வோம். படம் மங்கலாக இருக்கிறதென்று 60 கூட்டுகிறீர்கள். 260, 290, 310 வரவேண்டும். ஆனால் 255க்கு மேல் இடமேது? மூன்றும் 255 ஆகிவிடும். அப்படியே சேமித்துவிட்டு, மறுநாள் 60 கழித்தால்? 195, 195, 195! மேகத்தின் மடிப்புகள் மறைந்துவிட்டன. இன்றைய செயற்கை நுண்ணறிவு மடிப்புகளை ஊகித்து வரையலாம். அன்று வானில் இருந்தவை அவையல்ல.

இதற்கு மாற்று வழி மிக எளியது. மூலப் படத்தின் எண்களைத் தொடாமல், '60 கூட்டு' என்ற கட்டளையை மட்டும் தனியே எழுதி வைப்பது. திரையில் படம் தோன்றும்போதெல்லாம் கணிப்பொறி கட்டளைகளை வரிசையாகக் கணக்கிட்டுக் காட்டும். கட்டளையை நீக்கினால் 200, 230, 250 அப்படியே இருக்கும். 2007இல் வெளிவந்த லைட்ரூம், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் ஆகிய மென்பொருள்கள் இவ்வாறே இயங்குகின்றன.

பிலிம் காலத்தில் இந்த மூலத்தின் இடத்தில் நெகட்டிவ் இருந்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு எழுந்திருந்த காட்சியைப் படமெடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சிட்டார். முந்திய பிரதிகளில் வானில் மேகக் கீற்றுகள் தெரியும். பிந்தியவற்றில் வானம் ஏறக்குறையக் கறுப்பு. அச்சிடும்போது ஒளியைக் கூட்டியும் மறைத்தும் செய்த வேலை இது, நெகட்டிவுக்குச் சேதமில்லை. ஆனால் 1948இல் அவரே துணிந்து, நெகட்டிவின் கீழ்ப்பகுதியை இரசாயனத்தில் நனைத்து அடர்த்தியாக்கினார். அங்கே கை நடுங்கியிருந்தால் வேறு நெகட்டிவ் கிடையாது!

ஒன்றை மறக்காதீர்கள். இடம் போதவில்லையென்று மூலப் படத்தை அழித்துவிட்டால், மிஞ்சுவது அரிசியில்லாத வீட்டின் சமையல் குறிப்புதான். நண்பருக்குப் படம் அனுப்ப வேண்டுமா? கட்டளைகள் சேர்ந்த புதிய பிரதியொன்றை எடுத்து அனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.