குடல் புற்றுநோய்: திசு மாற்றமும் அறுவை சிகிச்சையும்

மலத்துடன் இரத்தம் வெளிப்பட்டால் அதனை மூலநோய் என்று தாமே முடிவு செய்துகொண்டு, கைவைத்தியத்திலும் களிம்புகளிலும் மாதக்கணக்கில் காலத்தைக் கழிப்போர் நம் நாட்டில் பலர். பல சமயங்களில் அது மூலமாகவே இருக்கக்கூடும். ஆயினும், பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்க்கும் இதுவே முக்கிய அறிகுறியாகும். காலத்தாழ்வினால் நோயாளி எதனை இழக்கிறார் என்பதைக் குடல் திசுக்களில் நிகழும் மாற்றங்களைக் கொண்டே அறியலாம்.

படிப்படியான மாற்றம்

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. அதன் உட்புறத்தைப் போர்த்தியுள்ள சளிச்சவ்வின் உயிரணுக்கள் சில நாட்களுக்கொருமுறை உதிர்ந்து, புதியவை தோன்றுகின்றன. இவ்வளர்ச்சி கட்டுமீறும்போது 'பாலிப்' எனப்படும் சதைமொட்டு உருவாகிறது. எல்லா மொட்டுகளும் புற்றாக மாறுவதில்லை. சுரப்பித் திசுவிலிருந்து எழும் 'அடினோமா' வகையில் சில மட்டுமே, பெரும்பாலும் பத்தாண்டுகள் அளவில் மெல்ல மெல்லப் புற்றாகின்றன. மரபணு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதே இதற்குக் காரணம்.

நோய் பரவும் அளவை லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோய்க்குறியியல் அறிஞர் கத்பர்ட் டியூக்ஸ் 1932-இல் மூன்று நிலைகளாக வகுத்தார். குடற்சுவருக்குள் அடங்கியிருப்பது முதல் நிலை. சுவரைத் துளைத்து வெளியேறுவது இரண்டாம் நிலை. நிணநீர்க் கணுக்களை எட்டுவது மூன்றாம் நிலை. இன்றைய வகைப்பாடுகள் விரிவானவையாயினும் அவற்றின் அடிப்படை இதுவே.

நிலைக்கேற்ற சிகிச்சை

மொட்டு நிலையில் வயிற்றைக் கீற வேண்டியதில்லை. குடல் உள்நோக்கியின் வழியே கம்பிச் சுருக்கைச் செலுத்தி அதனை அகற்றிவிடலாம். பெருங்குடற் சுவரில் புற்று ஊன்றிவிட்டால், அப்பகுதியை அதனைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களோடு வெட்டியெடுத்து, எஞ்சிய முனைகளை இணைக்கின்றனர்.

மலக்குடலில் சிக்கல் மிகுதி. 1908-இல் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த முறையில் மலக்குடலும் ஆசனவாயும் முழுமையாக நீக்கப்பட்டு, வயிற்றில் நிரந்தரச் செயற்கை மலவாய் அமைக்கப்பட்டது. மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவை அதன் உறை சிதையாமல் அகற்றினால், நோய் அவ்விடத்திலேயே மீளுவது குறையும் என்பதை 1982-இல் ஹீல்டு எடுத்துரைத்தார். அறுவைக்கு முன்னர் அளிக்கப்படும் கதிர்வீச்சும் மருந்தும் கட்டியைச் சுருக்குகின்றன. இவற்றால் இன்று பலருக்கு ஆசனவாயைக் காக்க இயலுகிறது. எனினும், அதன் சுருக்குத் தசையைப் புற்று பற்றிவிட்டால் செயற்கை மலவாயைத் தவிர்ப்பது அரிது. அதற்கான பைகளின் செலவு வாழ்நாள் முழுவதும் தொடரும். அன்றாடக் கூலியை நம்பியுள்ள குடும்பத்திற்கு இது பெருஞ்சுமை.

செய்யத்தக்கது

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. ஆனால், 2016-ஆம் ஆண்டின் புற்றுநோய்ப் பரிசோதனை நெறிமுறைகள் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றையே குறித்தன. மேலைநாடுகளைவிட இந்நோய் இங்குக் குறைவாகக் காணப்படுவதால், அனைவரையும் உள்நோக்கியால் சோதிப்பது சிக்கனமாகாது. இரத்தப்போக்கு, மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணம் புலப்படாத இரத்தசோகை ஆகியவற்றுடன் வருவோரை, இளவயதினராயினும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விரலால் சோதித்து, தேவையெனில் மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது இயலக்கூடியதே. விரற் சோதனைக்குக் கையுறையும் சில நிமிடங்களும் போதும். அதனைத் தவிர்க்கும் கூச்சத்தின் விலையோ மிகப் பெரிது.