சோக் நாப் ஏன் சுட்டுச்சு? – தாத்தாவோட ஹெரால்டும் ஒரு பேட்டரி கேபிளும்

இந்த எபிசோட்ல நான் பண்ண ஒரு தப்பைப் பத்திதான் பேசப் போறேன். கேட்கும்போது கையில ஒரு கால்குலேட்டர் இருந்தா நல்லது. இல்லைன்னாலும் பரவாயில்லை, கணக்கெல்லாம் எட்டாம் வகுப்பு லெவல்தான்.

எங்க தாத்தாகிட்ட ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கு. 1961ல இருந்து நம்ம மெட்ராஸ்லயே தயாரான கார். இங்கிலாந்தோட ட்ரையம்ஃப் ஹெரால்டுதான், இங்க ஸ்டாண்டர்டுன்னு பேர். 948 சிசி இன்ஜின். பானெட்டைத் திறந்தா மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமே சேர்ந்து முன்பக்கமா சாயும். சின்ன வயசுல அதைப் பார்த்து முதலை வாயைத் திறக்குதுன்னு சொல்வேனாம். தாத்தா 1974ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். எங்க அம்மா பிறந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தது அந்த கார்லதான்.

தாத்தாவுக்கு சதாபிஷேகம் வந்துச்சு. தாத்தாவையும் பாட்டியையும் அதே கார்ல மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆசை. மூணு மாசம் முன்னாடியே வேலையை ஆரம்பிச்சேன். பிரேக், டயர் எல்லாம் மெக்கானிக் அண்ணன் பார்த்துக்கிட்டார். எலக்ட்ரிக்கல் மட்டும் நான் பண்றேன்னு சொல்லிட்டேன். இன்ஜினியரிங் படிச்ச திமிர்னு வச்சுக்குங்க.

ஹெரால்டுல பேட்டரி இருக்கிறது இன்ஜினுக்குப் பின்னாடி, டேஷ்போர்டுக்கு முன்னாடி இருக்கிற தடுப்புத் தகட்டு மேல. சென்னை வெயில்ல அந்த இடம் அடுப்பு மாதிரி கொதிக்கும். சூடு பேட்டரியோட ஆயுளைக் குறைக்கும், அது உண்மைதான். அதனால பேட்டரியைத் தூக்கி டிக்கியில வச்சேன். ஆன்லைன்ல ஒரு தடிமனான சிவப்பு கேபிள், '25 ஸ்கொயர்'னு போட்டிருந்தது, நாலரை மீட்டர் வாங்கி, காருக்குள்ள கார்பெட்டுக்கு அடியில ஓட்டி, முன்னாடி சோலனாய்டுல மாட்டினேன். நெகட்டிவை டிக்கி தகட்டுலயே ஒரு போல்ட் போட்டு முடிச்சேன். எங்க தாத்தா கார்ல நெகட்டிவ்தான் பாடி எர்த். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலதுல பாசிட்டிவ் பாடிக்குப் போகும், அதனால உங்க கார்ல கையை வைக்கிறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துக்குங்க.

காலையில குளிர்ந்த இன்ஜின்ல ஸ்டார்ட் ஆச்சு. கொஞ்சம் சோம்பலா சுத்தினது. வயசான வண்டிதானேன்னு விட்டுட்டேன்.

விசேஷத்தன்னைக்குக் காலையில அஞ்சரை மணி. தாத்தா பட்டு வேட்டியோட டிரைவர் சீட்ல உட்கார்ந்து, "நானே ஸ்டார்ட் பண்றேன்டா"ன்னார். சோக்கை இழுத்தார், சாவியைத் திருப்பினார். உர்ர்... உர்ர்... டக். மறுபடி. மறுபடி. நாலாவது தடவை கையை வெடுக்குன்னு எடுத்துட்டு, "என்னடா இது, சோக் நாப் சுடுது?"ன்னார். நான் பானெட்டைத் திறந்து பார்த்தா, சோக் கேபிளோட மேல் உறை லேசா புகையுது.

கடைசியில வாடகைக் கார்லதான் போனோம். தாத்தா ஒண்ணும் சொல்லலை. சித்தப்பாதான், "இதைத் தள்ளிவிட்டுடுங்கப்பா, இனிமே யாரு கட்டி மேய்க்கிறது"ன்னு மண்டபத்துலயே ஆரம்பிச்சுட்டார். சாப்பாட்டுப் பந்தியில தாத்தா அதுக்குத் தலையை ஆட்டினதைப் பார்த்தேன். அது எனக்கு ரொம்ப உறுத்துச்சு. கார் மேல தப்பே இல்லையே, தப்பு என்னோடது.

சரி, என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். ஸ்டார்ட்டர் மோட்டார் மாதிரி கரண்ட் குடிக்கிற பொருள் பழைய கார்ல வேற எதுவும் கிடையாது. இந்த மாதிரி சின்ன இன்ஜினுக்குச் சுத்தும்போது ஏறக்குறைய 150 ஆம்பியர்னு வச்சுக்கலாம். அசையாம நிக்கிற அந்த முதல் நொடியில 400 வரைக்கும்கூடப் போகும். வீட்டுல ஒன்றரை டன் ஏசி எடுக்கிறது ஏழெட்டு ஆம்பியர்தான், ஒப்பிட்டுப் பாருங்க.

இங்க ஒரு குழப்பம் வரும். 'இத்தனை ஸ்கொயர் வயர் இத்தனை ஆம்பியர் தாங்கும்'னு இன்டர்நெட்ல நிறைய அட்டவணை கிடைக்கும். அதெல்லாம் வயர் சூடாகி உருகாம இருக்கிறதுக்கான கணக்கு, தொடர்ந்து ஓடுற லோடுக்கு. ஸ்டார்ட்டர் ஓடுறது மூணு நொடி. அதுக்குள்ள கேபிள் பெருசா சூடாகாது. நம்ம பிரச்சினை சூடு இல்லை, வழியில தொலையிற வோல்ட். 230 வோல்ட்ல 1 வோல்ட் தொலைஞ்சா யாருக்கும் தெரியாது. 12 வோல்ட் பேட்டரி, ஸ்டார்ட்டர் இழுக்கும்போது அதுவே பத்து பத்தரைக்கு இறங்கிடும். அதுல 2 வோல்ட் போனா அஞ்சுல ஒரு பங்கு காலி.

கணக்கு இதுதான்: 0.0172ஐ கேபிள் நீளத்தால (மீட்டர்ல) பெருக்குங்க, ஆம்பியரால பெருக்குங்க, கேபிளோட ஸ்கொயர் எம்எம்மால வகுங்க. வர்றதுதான் தொலையிற வோல்ட். 0.0172 செம்போட எண். நாலரை மீட்டர், 150 ஆம்பியருக்கு, 16 ஸ்கொயர்ல 0.73 வோல்ட் தொலையும். 25ல 0.46. 35ல 0.33. 50ல 0.23. முதல் நொடியில 400 ஆம்பியர்னா 16 ஸ்கொயர்ல கிட்டத்தட்ட 2 வோல்ட்.

'நான்தான் 25 ஸ்கொயர் வாங்கினேனே'ன்னு நானும் நினைச்சேன். கேபிள் முனையில ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பார்த்தேன். மேல செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியம். மேல செம்பு முலாம் மட்டும். இந்த வகை கேபிள் கார் ஆடியோ சந்தையில நிறைய. சுத்தமான செம்பை விட ஏறக்குறைய 1.6 மடங்கு அதிக ரெசிஸ்டன்ஸ். அதாவது நான் வாங்கின 25, செம்புக் கணக்குல 16. வெளியே தெரிஞ்ச தடிமன்ல பாதி பிளாஸ்டிக். கையில எடுத்தப்பவே எடை குறைவா இருந்தது, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

ஆனா கேபிளை விடப் பெரிய திருடன் எர்த் பக்கம் இருந்தான். கரண்ட் போனா மட்டும் போதாது, திரும்பி வரணும். ஹெரால்டு மத்த கார் மாதிரி ஒரே கூடா வெல்டிங் பண்ணின பாடி இல்லை. தனி சேஸிஸ், அதுமேல முன் பகுதி, பின் பகுதின்னு பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. டிக்கியில நான் போட்ட எர்த்துக்கு இன்ஜின்ல இருந்து கரண்ட் வரணும்னா, இத்தனை இணைப்பையும் தாண்டி வரணும். ஒவ்வொண்ணுலயும் பெயின்ட், துரு, ரப்பர். இன்ஜினும் ரப்பர் மவுண்ட் மேலதான் உட்கார்ந்திருக்கு. அதை சேஸிஸோட இணைக்கிறது ஒரே ஒரு பின்னல் பட்டை. எங்க கார்ல அதுல பாதி இழை அறுந்து, மீதி பச்சை பூத்துக் கிடந்தது.

பாதை சரியில்லைன்னா கரண்ட் வேற பாதை தேடும். டேஷ்போர்டுல இருந்து கார்புரேட்டருக்குப் போற சோக் கேபிள் இரும்பு. ஒரு முனை பாடியில, இன்னொரு முனை இன்ஜின்ல. தாத்தா கை பட்டது அந்த வழியா ஓடின ஸ்டார்ட்டர் கரண்ட். ஆக்சிலரேட்டர் கேபிளும் இப்படிச் சுடும். உங்க பழைய வண்டியில எப்பவாவது இதைக் கவனிச்சா, புது பேட்டரி வாங்க ஓடாதீங்க. முதல்ல இன்ஜின் எர்த் பட்டையைப் பாருங்க.

இதை அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற காயில் வயரைக் கழட்டி ஓரமா எர்த் பண்ணிடுங்க, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம சுத்த மட்டும் செய்யும். மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் தூண்லயும் இன்னொண்ணை ஸ்டார்ட்டர் போல்ட்லயும் பிடிச்சு, ஒருத்தரை சாவியைத் திருப்பச் சொல்லுங்க. மீட்டர் காட்டுறது அந்தப் பக்கம் தொலையிற வோல்ட். அடுத்து நெகட்டிவ் தூணுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவுல. பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட், எர்த் பக்கம் 0.2க்குள்ள இருந்தா பரவாயில்லைன்னு வச்சுக்கலாம். எங்களுக்கு வந்தது பாசிட்டிவ் 0.8, எர்த் 1.2. பேட்டரியில 10.9 இருக்கும்போது ஸ்டார்ட்டருக்குக் கிடைச்சது 8.9.

இந்த வண்டியில ஸ்டார்ட்டர் பற்சக்கரம் வேகமா சுத்துற விசையிலதான் ஃப்ளைவீல்ல போய்க் கோர்க்கும். வேகம் குறைஞ்சா கோர்க்கிறதும் தடுமாறும். அதுபோக, காயிலுக்குப் போற கரண்டும் பெரும்பாலும் இதே தடிமன் கேபிளோட முனையில இருந்துதான் பிரியும். அதனால ஸ்பார்க்கும் பலவீனம். சோம்பலா சுத்துது, தீப்பொறியும் இல்லை. எப்படி ஸ்டார்ட் ஆகும்?

டிக்கியிலயே வச்சு சரி பண்ண முடியுமான்னு கேட்டா, முடியும். போக நாலரை, வர நாலரைன்னு ரெண்டு பக்கமும் 50 ஸ்கொயர் செம்பு கேபிள், எர்த் நேரா இன்ஜினுக்கு. மொத்தம் அரை வோல்ட்டுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா உட்கார்ந்து யோசிச்சப்ப இன்னொண்ணு உறைச்சது. ஹெரால்டுல பெட்ரோல் டேங்க்கும் டிக்கிக்குள்ளதான். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடுற பேட்டரியை அது பக்கத்துல வச்சு, ஃபியூஸே இல்லாத ஒரு கேபிளை தாத்தா உட்காருற சீட்டுக்கு அடியில ஓட்டியிருக்கேன். ஒரு தகட்டு விளிம்புல உரசி உறை கிழிஞ்சா போதும். அன்னைக்கு ஸ்டார்ட் ஆகாம போனதே நல்லதுன்னு தோணுச்சு. டிக்கியில பேட்டரி வச்சே ஆகணும்னா மூடிய பெட்டி, வெளியே போற காற்றுக் குழாய், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் இல்லைன்னா கட்-ஆஃப் ஸ்விட்ச், இது மூணும் இல்லாம வேண்டாம்.

நான் பேட்டரியைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தேன். அங்க பாசிட்டிவ், எர்த் எல்லாம் சேர்த்து 1.7 மீட்டர்தான். 25 ஸ்கொயர் செம்புல 0.18 வோல்ட் தொலையும், 35ல 0.13. அந்த 0.05க்காக வளைக்க முடியாத கேபிளோட மல்லுக்கட்ட வேண்டாம்னு 25லயே நின்னேன். வெயிலுக்கு ஒரு தகட்டுத் தடுப்பு மட்டும் வச்சேன்.

வாங்கும்போது ரெண்டு விஷயம். வீட்டு வயரிங் கேபிள் வேண்டாம், இழை தடிமன், அதிர்வுல ஒடியும். மெல்லிசு இழை நிறைய இருக்கிற செம்பு கேபிள் கேளுங்க. வெல்டிங் கேபிள் நல்லா வளையும், ஆனா ஆயிலும் பெட்ரோலும் படுற இடத்துல அதோட உறை தாங்குமான்னு பார்த்து வாங்குங்க. 'கேஜ்' எண்ல விக்கிறவங்ககிட்ட ஏமாறாதீங்க, அதுல எண் குறைஞ்சா கேபிள் பெருசு. அமெரிக்கக் கணக்குல 4 கேஜ்னா ஏறக்குறைய 21 ஸ்கொயர், 2 கேஜ்னா 34. லக்கை சுத்தியலால தட்டி நசுக்காதீங்க. ஹைட்ராலிக் கிரிம்ப்பிங் டூல் வச்சிருக்கிற கடையில கொடுத்தா அஞ்சு நிமிஷ வேலை. எர்த் போடுற இடத்துல பெயின்ட்டைச் சுரண்டி பளபளன்னு இரும்பு தெரியணும். கழட்டும்போது எர்த் முதல்ல, மாட்டும்போது எர்த் கடைசியில.

புது எர்த் பட்டையோட திரும்ப அளந்தேன். பேட்டரியில 10.6, ஸ்டார்ட்டர்ல 10.2.

ஞாயித்துக்கிழமை தாத்தாவைக் கூப்பிட்டேன். வேண்டாம்டான்னார். பாட்டி வந்து பின் சீட்ல உட்கார்ந்துட்டாங்க, அதனால அவரும் வந்தார். சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி சோக் நாப்பை ஒரு விரலால தொட்டுப் பார்த்தார். ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆச்சு. மறுபடி தொட்டுப் பார்த்தார். "சுடலை"ன்னு சொல்லிட்டு கியரைப் போட்டார்.