மீட்டர் முள்ளைத் தள்ளாதீர்கள்

நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பொறை வாங்குகிறவர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். டீயில் நனைத்துத் தின்ன வாங்குகிறவர்கள் ஒரு கட்சி. நாய்க்கு வாங்குகிறவர்கள் இன்னொரு கட்சி. நான் பத்து வருஷமாக இரண்டாவது கட்சி. போன ஆகஸ்டில் ஒரு காலை, வழக்கம்போல இரண்டு பொறையோடு கேட்டைத் திறந்தேன். செவலை எழுந்து வந்தாள். மோந்து பார்த்தாள். உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, துளசி மாடத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டாள்.

2015 டிசம்பர் மழையில், தெருவில் முட்டியளவு தண்ணீர் நின்ற வாரத்தில், எங்கள் மோட்டார் ரூம் படியில் வந்து ஒதுங்கிய குட்டி அவள். செம்மண் நிறம், அதனால் செவலை. அப்போது எனக்கு ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை. 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட அதே கனரக வாகனத் தொழிற்சாலைதான். 1984இல் ஃபிட்டராகச் சேர்ந்து 2022இல் ரிட்டயர் ஆனேன். அத்தனை வருஷம் இயந்திரக் கோளாறு பார்த்தவன், வீட்டு நாயின் கோளாறில் நாலு நாள் கோட்டை விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாலு நாள் கூத்து

முதல் நாள், 'வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டோம். இரண்டாம் நாள் என் வீட்டம்மா கோழி வேகவைத்துச் சாறு எடுத்துக் கொடுத்தாள். வீட்டுப் பழக்கத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் அதில் விழுந்திருந்தன. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. செவலை அதைத் தொடவில்லை. அவளுக்குத் தெரிந்ததுகூட எங்களுக்குத் தெரியவில்லை என்று பிறகு சிரித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள், ஊசியில்லாத சிரிஞ்சில் கஞ்சியை ஏற்றி, வாயைப் பிளந்து ஊற்றினேன். பாதி தரையில், கொஞ்சம் அவள் மூக்கில். இருமினாள். நாலாம் நாள் நான் தட்டோடு வருவதைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். பத்து வருஷம் சோறு போட்ட கையைக் கண்டு ஓடுகிறாள்! தெருவில் ஒருவர், "கால் வலியா இருக்கும், நாம போடற வலி மாத்திரையில பாதி குடுங்க" என்றார். வாங்கியும் வந்துவிட்டேன். "டாக்டரைக் கேக்காம எதுவும் வேணாங்க" என்று வீட்டம்மா பிடுங்கி வைத்தாள். அந்தப் புண்ணியம் அவளுக்கு. பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று நாம் அலட்சியமாக விழுங்கும் மாத்திரைகள் நாயின் ஈரலை, குடலை, கிட்னியைக் கெடுத்துவிடக்கூடியவை.

"எந்த இடத்துல நிக்குது, சார்?"

ஐந்தாம் நாள் ஆட்டோ பிடித்தோம். பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர், பாடி தாண்டி வேப்பேரிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் அதற்கு மாட்டாஸ்பத்திரி என்றுதான் பேர். 1903இல் சைதாப்பேட்டையில் 20 மாணவர்களோடு தொடங்கி வேப்பேரிக்கு வந்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. வரிசையில் நின்று பார்த்தால் மாட்டைக் காணோம். எனக்கு முன்னால் ஒரு ராஜபாளையம், பின்னால் கூடையில் ஒரு பூனை.

என் முறை வந்தது. "நாலு நாளா சாப்பிடல டாக்டர்" என்றேன்.

சின்ன வயசு டாக்டரம்மா. "எந்த இடத்துல நிக்குது, சார்?" என்றார். நான் விழித்தேன். "தட்டுகிட்ட வர்றாளா? வந்து மோந்து பாக்கறாளா? வாயில எடுக்கறாளா? எடுத்ததை முழுங்கறாளா?"

சட்டென்று ஷாப் ஃப்ளோரில் நிற்பதுபோல இருந்தது. வண்டி ஓடவில்லை என்று வருகிறவனிடம் நாங்களும் இதைத்தான் கேட்போம்: செல்ஃப் எடுக்குதா, டீசல் வருதா, கியர் விழுதா? எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஆசையாக ஓடிவந்து, வாயில் எடுத்து, கீழே போட்டுவிட்டால் முதலில் வாயைப் பாருங்கள்: ஆடும் பல், காறை, சீழ், புண். வந்து மோந்து பார்த்து, உதட்டை நக்கி, எச்சில் முழுங்கி, முகத்தைத் திருப்பினால் பெரும்பாலும் குமட்டல். அதற்குப் பின்னால் கிட்னி, ஈரல், கணையம், குடல் என்று எதுவும் இருக்கலாம். தட்டுப் பக்கமே வராமல் சுருண்டு கிடந்தால் காய்ச்சல், வலி, ரத்தச்சோகை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலை எப்போதும் சந்தேகப்பட வேண்டும்; ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய், சூட்டுக்கு வந்து சில வாரத்தில் சாப்பாட்டை விட்டுத் தண்ணீராகக் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது அன்றைக்கே ஆபரேஷன் மேஜைக்குப் போகவேண்டிய கேஸ். செவலைக்கு 2017இலேயே கருத்தடை செய்திருந்ததால் அதை உடனே அடித்துவிட்டார்.

"ரொம்பத் தண்ணி குடிக்கிறாளா? ராத்திரி வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போறாளா?"

மூன்று மாதமாக இரண்டும் நடந்தன. வயசாச்சு என்று நினைத்துக்கொண்டோம். வாய் நாறியது, அதையும் வயசுக் கணக்கில் எழுதினோம். பதினெட்டரை கிலோ இருந்தவள் மெஷினில் பதினாறு காட்டினாள்.

ரத்தத்தில் தேங்கிய கசடு

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 4.2. கிட்னி வடிகட்டவேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கழிவு மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தைக் கிளறிவிடும், வயிற்றையும் புரட்டும். வயிறு நிறைய அவளுக்குப் பசி இருந்திருக்கலாம். கப்பலில் போகும்போது குமட்டுகிறவன் முன்னால் பிரியாணியை நீட்டினால் எப்படியோ, அப்படித்தான் என் பொறையும் கஞ்சியும்.

கொடுமை என்னவென்றால், கிட்னியின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும். அதனால் ஏழு, எட்டு வயசு தாண்டிய நாய்க்கு வருஷம் ஒருமுறையாவது ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்கிறார்கள்.

எங்கள் சார்ஜ்மேன் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "ஆயில் பிரஷர் முள் இறங்குச்சுன்னா முள்ளைப் புடிச்சி மேல தள்ளறவன் ஃபிட்டர் இல்லடா." சிரிஞ்சை வைத்து நான் செய்தது அதுதான். சாப்பிடாத தட்டு ஒரு மீட்டர். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

மூன்று நாள் நரம்பில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். குமட்டலை அடக்க ஊசி, அமிலத்தைக் குறைக்க மருந்து. பசியைத் தூண்டும் மருந்துகளும் உண்டு. மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குத் தரும் மிர்டாசாபினை நாய்க்கும் அளவாகத் தருகிறார்கள். ஆனால் குமட்டலை அடக்காமல் பசியைத் தூண்டிப் பயனில்லை என்றார் டாக்டர். நிலைமை சீரானதும் கிரியாட்டினின் 3.6க்கு இறங்கியது. இந்த வியாதியை நாலு படியாகப் பிரிக்கிறார்கள், 2.9 முதல் 5 வரை மூன்றாம் படி. போனது திரும்பாது. இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும்.

தட்டு வைக்கும் முறை

சோறு போட எனக்குத் தெரியாதா என்ன என்றுதான் நினைத்திருந்தேன். அதையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டேன்.

முதல் மாற்றம் ஆள் மாற்றம். நான் சிரிஞ்சுக்காரன் ஆகிவிட்டதால் வீட்டம்மாதான் வைக்கவேண்டும். தட்டும் புதுசு, இடமும் வேறு. குமட்டும்போது வாயில் திணித்த சாப்பாட்டை நாய் வெறுத்துவிடும், உடம்பு தேறிய பிறகும் தொடாது. வேறொரு ஆபத்தும் இருக்கிறது: கஞ்சி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மாத்திரையை அதற்குப் பிடித்த சாப்பாட்டில் ஒளித்துவைப்பதும் இதே கதைதான். ஒரு தடவை கசந்தால் அந்தச் சாப்பாடே போச்சு.

சாப்பாடு வெதுவெதுப்பாக இருக்கட்டும், கை பொறுக்கிற சூடு. நமக்கு நாக்கில் ஒன்பதாயிரம் போல சுவை மொட்டு என்றால் நாய்க்கு இரண்டாயிரத்துக்கும் குறைவு. அது மூக்கால்தான் சாப்பிடுகிறது. சூடு பட்டால் வாசம் எழும். கழுத்து வலிக்கிற கிழ நாய்க்குத் தட்டைக் கவிழ்த்த பக்கெட் மேல் வைக்கலாம். கால்மணி நேரம் பொறுத்துத் தொடாவிட்டால் எடுத்துவிட வேண்டும். முன்னாலேயே கிடக்கும் சோறு அதற்குப் பெரிய தொந்தரவு.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. கால்குலேட்டரில் நாயின் எடையை மூன்று முறை பெருக்குங்கள், வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், எழுபதால் பெருக்குங்கள். பதினாறு கிலோ செவலைக்கு: 16 x 16 x 16 = 4096; முதல் அழுத்தில் 64, அடுத்த அழுத்தில் 8; எழுபதால் பெருக்கினால் 560. சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு அவளுக்கு அத்தனை கலோரி வேண்டும். ஒரு அவித்த முட்டை எழுபது, எண்பது; ஒரு கப் சோறு இருநூறு. பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த நாள் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழுசு என்று நாலைந்து வேளையாகப் பிரித்துத் தரவேண்டும். ஒரேயடியாக நிரப்பினால் உடம்பு தாங்காது.

கிட்னிக்கான தனிச் சாப்பாடு என்று பாஸ்பரஸும் உப்பும் குறைத்தது இருக்கிறது. அதை அப்போதே வாங்கி நீட்டப் பார்த்தேன். "இப்ப வேணாம் சார். முதல்ல எதையாவது சாப்பிடட்டும். குமட்டல் நின்னப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கலக்கலாம்" என்றார் டாக்டர். எதுவும் இறங்காத நாய்களுக்குக் கழுத்தோரமாக உணவுக்குழாயில் மெல்லிய குழாய் பொருத்தி வீட்டிலேயே வாரக்கணக்கில் ஊட்டலாமாம். செவலைக்கு அது தேவைப்படவில்லை. வேப்பேரியிலிருந்து திரும்பிய இரண்டாம் நாள் காலை, வெந்நீரில் ஊறிய அரைப் பொறையை வீட்டம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வளர்ந்த நாய் ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள். வாந்தி, தண்ணீரும் குடிக்காதது, வெளுத்த ஈறு, உப்பிய வயிறு, மூச்சிரைப்பு என்று ஏதாவது ஒன்று கூட இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். என் நாலு நாள் யாருக்கும் வேண்டாம்.

எழுபதுக்கு எத்தனை

இது நடந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஒரு நோட்டு போட்டு எடை, தண்ணீர், சாப்பாடு எல்லாம் எழுதுகிறேன். கடைசிப் பத்தியில் ஒரு மார்க். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004இல் வகுத்த ஏழு கேள்வி அது: வலி இல்லாமல் இருக்கிறதா, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் பத்து, எழுபதுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும்வரை ஓட்டலாம். அதற்குக் கீழேயே நின்றால் டாக்டரிடம் வேறு பேச்சுப் பேசவேண்டிய காலம். அந்தப் பேச்சை நாங்கள் இன்னும் பேசவில்லை.

ஞாயிறுதோறும் நானும் வீட்டம்மாவும் தனித்தனியாக மார்க் போடுகிறோம். போன வாரம் சந்தோஷத்துக்கு நான் நாலு போட்டேன், அவள் எட்டு.

"இன்னாம்மா எட்டு? நாளெல்லாம் படுத்தே கெடக்கறா."

"ஆறரை வண்டி ஹார்ன் அடிச்சா எழுந்து கேட்டுக்குப் போறாளே, பாக்கலியா?"

பார்த்திருக்கிறேன். ஆவடியிலிருந்து அந்த எலக்ட்ரிக் ட்ரெயினில்தான் நான் வேலை முடிந்து வருவேன். வாசல் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க, செவலை என்னைத் தாண்டிப் போய், கேட்டில் மூக்கை வைத்து, எனக்காகக் காத்திருக்கிறாள்.

நாலை அடித்து ஆறு என்று எழுதினேன்.