மாமியாரை மறந்த திட்டம்

எந்த நலத்திட்டத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் எத்தனை மையங்கள் திறந்தார்கள், எவ்வளவு சத்துமாவு கொடுத்தார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தார்கள் என்று பக்கம் பக்கமாக எண்கள் இருக்கும். வேலை நடந்ததா என்று பார்க்கும் கண்காணிப்புக்கு அவை போதும். அந்த வேலையால் யாருடைய வாழ்க்கையாவது மாறியதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தேடுவதுதான் மதிப்பீடு. அந்த மதிப்பீடும்கூட ‘பலன் கிடைத்தது’ என்பதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான். எந்த வழியாகக் கிடைத்தது என்று தெரியாத பலனை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக முடியாது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எல்லோருக்கும் உணவு வழங்கவில்லை. எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். கூடவே, பிள்ளைக்கு எதை, எப்போது, எப்படி ஊட்டுவது என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு கணிசமாகக் குறைந்தது. அந்த வெற்றியை முன்மாதிரியாகக் கொண்டு 1995இல் வங்கதேசத்திலும் இதே பாணியில் ஒரு திட்டம் வந்தது. எடை பார்த்தல், துணை உணவு, தாய்மாருக்கு அறிவுரை என்று உறுப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன.

உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே 2005இல் வெளியிட்ட அறிக்கை இந்த வங்கதேசத் திட்டத்தின் பலனைத் திட்டம் இல்லாத பகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. வித்தியாசம் மிகச் சிறிது. வங்கதேசம் முழுவதிலுமே அந்த ஆண்டுகளில் குழந்தைகளின் நிலை மேம்பட்டு வந்ததால், ‘முன்பு இப்படி, பின்பு இப்படி’ என்ற கணக்கு மட்டும் திட்டத்துக்கு வேண்டாத பெருமையைச் சேர்த்திருக்கும். தாய்மாருக்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. நடைமுறையில் அந்த அளவு மாறவில்லை. அங்கே கிராமங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படி அதிகாரம் மாமியார் கையில். பாடமெல்லாம் மருமகளுக்கு, முடிவெடுப்பவர்கள் வேறு இருவர். போதாததற்கு, மையத்தில் சாப்பிட்ட குழந்தைக்கு வீட்டுச் சோறு குறைவதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க மதிப்பீட்டாளர் எதற்கு, ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாளே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ‘பலன் ஏன் குறைந்தது’ என்பதற்கான பதிலை எண்கள் மட்டும் தருவதில்லை. ஆனால் அவள் சொல்வது கோப்புக்குள் ஏற வேண்டுமானால், எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று முதலில் எண்கள் காட்டியாக வேண்டும். மதிப்பீட்டுக்குச் செலவாகும் பணத்தில் இன்னும் நாலு குழந்தைக்குச் சோறு போடலாமே என்பது இன்னொரு வாதம். போடலாம், அந்தச் சோறு குழந்தையின் உடம்பில் சேரும் என்பது உறுதியானால்.

இவற்றைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில கிராமங்களுக்கு உதவியை மறுப்பது அறமா? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை தரும் ‘ப்ரோக்ரேசா’ திட்டத்தை மெக்சிகோ 1997இல் தொடங்கியபோது எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் பணம் கொடுக்க அரசால் முடியவில்லை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 506 கிராமங்களில் குலுக்கல் முறையில் 320க்கு முதலிலும், மீதி 186க்குப் பிறகும் உதவித்தொகை போனது. எப்படியும் சிலர் காத்திருக்க வேண்டிய நிலையில், சிபாரிசு நுழையாத வரிசை இது. பள்ளிச் சேர்க்கை கூடியதற்கான ஆதாரமும் இதிலிருந்தே கிடைத்தது. 2000இல் ஆளுங்கட்சி மாறியது. முந்தைய ஆட்சியின் திட்டம் என்று தூக்கியெறியாமல், புது அரசு பெயரை மட்டும் மாற்றி நகரங்களுக்கும் விரித்தது.