வாக்கை மறுத்த ஊர், வாக்குக் கேட்கும் ஊர்

1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கையில் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் ஆயிரம் நிபந்தனை, அது தனிக்கதை. அரசாங்க சபைக்கான அந்த முதல் தேர்தலில் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்பாளர் என்று ஒருவர்கூட நிற்கவில்லை.

நிற்கவிடாமல் செய்தது யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய சங்கம் அது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்களே அதன் உயிர். கதர் உடுத்தார்கள், சாதியையும் சீதனத்தையும் எதிர்த்தார்கள், தமிழும் சிங்களமும் படிக்கவேண்டும் என்றார்கள். 1927 இல் காந்தியையே யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். நிதியையும் பாதுகாப்பையும் வெள்ளைக்கார அதிகாரிகள் கையில் வைத்துக்கொண்டு தரும் சபை எங்களுக்கு வேண்டாம், முழுத் தீவுக்கும் பூரண சுயராச்சியம் வேண்டும் என்பதே அவர்கள் நிலை. கமலாதேவி சட்டோபாத்யாய் தலைமை தாங்கிய 1931 மாநாட்டில் பகிஷ்கரிப்புத் தீர்மானம் நிறைவேறியது.

கொள்கையில் குறை சொல்ல இடமில்லை. கணக்குத்தான் பிசகியது. தெற்கும் கூட வரும் என்று நம்பினார்கள்; பாராட்டு வந்தது, பகிஷ்கரிப்பு வரவில்லை. 1934 இடைத்தேர்தல் வரை அந்த நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. அந்தத் தேர்தலில் பருத்தித்துறையில் வென்ற ஜி. ஜி. பொன்னம்பலம் பின்னாளில் கேட்டது ஐம்பதுக்கு ஐம்பது: சிங்களவருக்குப் பாதி ஆசனம், சிறுபான்மையினருக்குப் பாதி. இன அடிப்படையிலான பிரதிநிதித்துவத்தையே வெறுத்த இளைஞர்களின் காலம் அத்தோடு முடிந்தது எனலாம்.

இன்று நிலை தலைகீழ். வடக்கு மாகாண சபையின் 38 உறுப்பினர்களும் 2013 இல் தெரிவானார்கள். 2018 ஒக்டோபரில் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அன்றுமுதல் கைதடிச் சபை மண்டபத்தில் அமர உறுப்பினர் இல்லை. கொழும்பு நியமிக்கும் ஆளுநரே நிர்வாகத்தைப் பார்க்கிறார். 2024 இல் சனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் நடந்தன. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மாகாண சபைத் தேர்தலுக்கு மட்டும் நாள் குறிக்கவில்லை. தெற்கின் மாகாணங்களுக்கும் இதே கதிதான் என்றாலும், சுயாட்சி கேட்டு இத்தனை இழந்த வடக்குக்கு அது கூடுதலாகவே உறைக்கிறது.

அன்று அரைகுறை என்று உதறினோம், இன்று அந்த அரைகுறைக்கே ஏங்குகிறோம். புதிய தேர்தல் முறைக்கான தொகுதி எல்லை நிர்ணயம் முடியவில்லை என்பது சொல்லப்படும் காரணம். பழைய முறையிலேயே வாக்கெடுக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தால் போதும். அதைச் செய்யச் சொல்லி நம் பிரதிநிதிகளை நாம்தான் நெருக்கவேண்டும்.